கேன்யனியரிங் ஆரம்பிக்கணும், ரேப்பெல் கத்துக்கணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல ஸயான் நேஷனல் பார்க் போய் நாரோஸ்ங்கிற இடுக்குல தண்ணிக்குள்ள நடந்துட்டு வந்தவங்க, பக்கத்து அரிசோனால ஆன்டிலோப் கேன்யன்ல போட்டோ எடுத்துட்டு வந்தவங்க, இவங்கள்ல பாதி பேராவது கொஞ்ச நாள் கழிச்சு கேக்குறது இதுதான்: கயிறு கட்டி இறங்குற கேன்யன் (ஆழமான, இடுக்கான பாறைப் பள்ளத்தாக்கு) எல்லாம் நாமளும் போக முடியுமா, எங்க ஆரம்பிக்கிறது? முடியும். இப்படி கேன்யனுக்குள்ள இறங்கி கடந்து வர்றதுதான் கேன்யனியரிங், அதுல கயித்துல இறங்குறதுதான் ரேப்பெல். ஒழுங்கா கத்துக்கிட்டு போனா இதுமாதிரி ஒரு அனுபவம் வேற எங்கயும் கிடைக்காது. யூட்டா மாநிலத்தை வச்சுதான் எழுதியிருக்கேன், அமெரிக்கால இருக்குற நம்மாளுங்க அதிகமா போறது அங்கதான். இந்தியால இருக்கவங்களுக்கு கடைசிப் பக்கம் ஒரு பதில் இருக்கு.

ட்ரெக்கிங்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ட்ரெக்கிங்ல பிடிக்கலைன்னா, முடியலைன்னா, திரும்பி வந்த வழியே போயிடலாம். டெக்னிக்கல் கேன்யன்ல, அதாவது கயிறு இல்லாம கடக்க முடியாத கேன்யன்ல, அது கிடையாது. மேல இருந்து உள்ள இறங்குவோம், கயித்துல ஒரு பள்ளம் இறங்கின உடனே கயித்தை கீழ இழுத்துப்போம், ஏன்னா அடுத்த பள்ளத்துக்கும் அதே கயிறுதான் வேணும். அந்த கயித்தை இழுத்த நிமிஷத்துல இருந்து மேல போற வழி முடிஞ்சது, கேன்யனோட கடைசி வரைக்கும் போய்தான் வெளிய வரணும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்த எல்லா விதியும் ஏன் இருக்குன்னு தானா புரியும்.

ரேப்பெல் பண்ண கத்துக்க எவ்ளோ நாள் ஆகும்?

இறங்க மட்டும்னா அரை நாள் போதும். நிஜமாவே அவ்வளவுதான். யாரோ ஆங்கர் (கயித்தை தாங்குற பிடிமானம்) போட்டு, யாரோ கயிறு மாட்டி, யாரோ கீழ இருந்து பிடிச்சுக்கிட்டா பத்து வயசு பிள்ளையும் இறங்கும். ஆனா அந்த "யாரோ" நீங்களா இருக்கணும்னா அதுக்கு ஒரு முழு சீசன் வேணும். ஆங்கர் நல்லதா கெட்டதான்னு பாக்க, கயிறு நீளம் சரியா விட, மாட்டிக்கிட்ட ஆளை நடுவுல இருந்து இறக்க, கயித்துலயே திரும்ப மேல ஏற, வானத்தைப் பாத்து இன்னைக்கு வேணாம்னு சொல்ல. இதெல்லாம்தான் கேன்யனியரிங், ரேப்பெல் அதுல ஒரு சின்ன பகுதி. நிறைய பேர் இறங்கக் கத்துக்கிட்ட உடனே எல்லாம் தெரிஞ்சுடுச்சுன்னு நாலு ஃப்ரெண்ட்ஸை கூட்டிட்டு கிளம்பிடுறாங்க, அதைப் பாத்தாதான் எனக்கு பதறுது.

யூடியூப் பாத்து கத்துக்கலாமா?

முடிச்சு போட வீட்டு நாற்காலி கால்ல பழகிக்கலாம், அதுக்கு வீடியோ நல்லது. மத்ததுக்கு ஆள் வேணும். நீங்க தப்பா மாட்டியிருக்கீங்கன்னு வீடியோ சொல்லாது. யூட்டால மோவாப், கனாப், ஸ்பிரிங்டேல் ஊர்கள்ல கைடு கம்பெனிகள் இருக்கு, ரெண்டு மூணு நாள் கோர்ஸ் நடத்துறாங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஸயான் பார்க்குக்குள்ள இருக்குற டெக்னிக்கல் கேன்யன்கள்ல காசு வாங்கிட்டு கைடு பண்ண அனுமதி கிடையாது, அதனால ஸ்பிரிங்டேல் கைடுங்க பார்க் எல்லைக்கு வெளிய இருக்குற கேன்யனுக்குதான் கூட்டிட்டு போவாங்க. அது குறை இல்லை, கத்துக்க அதுவே நல்லது, கூட்டம் இருக்காது.

புக் பண்றதுக்கு முன்னாடி அது டூரா கோர்ஸான்னு கேளுங்க. டூர்னா அவங்க எல்லாத்தையும் மாட்டிவிட்டு உங்களை இறக்கி விட்டுடுவாங்க, ஜாலியா இருக்கும், ஆனா ஒண்ணும் கத்துக்க மாட்டீங்க. கோர்ஸ்ல ஆங்கர் கட்டுறது, கயித்துல மேல ஏறுறது, மாட்டிக்கிட்டவங்களை இறக்குறது இந்த மூணும் உங்க கையால செய்ய வைக்கணும். இல்லைன்னா வேற இடம் பாருங்க.

முதல் தடவை விளிம்புல நிக்கும்போது என்ன செய்யணும்?

பாறை விளிம்புக்கு முதுகு காட்டி நிப்பீங்க. ஹார்னஸ் (இடுப்புலயும் தொடையிலயும் கட்டுற வார்) முன்னாடி இருக்குற லூப்ல லாக் பண்ற கேரபினர் (திறந்து மூடுற உலோகக் கொக்கி), அதுல இறங்குற டிவைஸ் (உராய்வால வேகத்தை குறைக்கிற உலோகத் துண்டு), டிவைஸ் வழியா கயிறு வளைஞ்சு உங்க வலது இடுப்பு பக்கம் போகும். அந்த வலது கைதான் பிரேக். அது கயித்தை விடவே கூடாது, மூக்கு அரிச்சாலும் கூடாது, கால் வழுக்கினாலும் கூடாது.

இறங்குறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கவங்க உங்களைத் தொட்டு தொட்டு பாக்கணும்: ஹார்னஸ் பக்கிள், டிவைஸ்ல கயிறு சரியான பக்கம் போகுதா, கேரபினர் லாக் ஆகியிருக்கா, ஆங்கர், ஹெல்மெட், தலைமுடி. வாயால சொன்னா பத்தாது. அப்புறம் வெயிட்டை மெதுவா கயித்துல கொடுத்து பாருங்க, இன்னும் பாறையிலதான் நிக்கிறீங்க, டிவைஸ் பிடிக்குதான்னு தெரியும். அது பிடிச்ச பிறகுதான் விளிம்பைத் தாண்டணும்.

இப்பதான் கஷ்டமான இடம். உடம்பு முன்னாடி சாயச் சொல்லும், கயித்தை கட்டிப்பிடிக்கச் சொல்லும். அப்படி பண்ணா கால் வழுக்கி முட்டி பாறையில இடிக்கும். பின்னாடி சாயணும், நாற்காலியில உக்கார்ற மாதிரி, கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு விரிச்சு பாறையில முழுசா பதியணும். பின்னாடி சாய சாயதான் ஷூவுக்கு பிடி கிடைக்கும். ரெண்டு மூணு அடி இறங்கினதும் கால் தானா நடக்க ஆரம்பிச்சிடும், கயிறு டிவைஸ் வழியா சரசரன்னு போற சத்தம் கேக்கும், கையில சூடு தெரியும், அதுக்குதான் கிளவுஸ். படத்துல வர்ற மாதிரி குதிச்சு குதிச்சு இறங்காதீங்க, ஒவ்வொரு குதிக்கும் ஆங்கர்ல அடி விழுது, விளிம்புல கயிறு தேயுது.

கீழ முதல்ல இறங்கினவங்க அடுத்து வர்றவங்களோட கயித்தை லூசா பிடிச்சுக்கணும். இறங்கிட்டு இருக்கவங்க கை நழுவிட்டா கீழ இருந்து இழுத்து டைட் பண்ணா போதும், ஆள் அப்படியே நின்னுடுவாங்க. ஃபயர்மேன் பெலேன்னு இதுக்கு பேரு, புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது இல்லாம இறங்க விடாதீங்க. முதல்ல இறங்குற ஆளுக்கு கீழ யாரும் கிடையாது, அதனால அவங்க அனுபவசாலியா இருக்கணும்.

எனக்கு உயரம்னா பயம், வரலாமா?

வாங்க. பயம் இருக்கவங்க ரெண்டு தடவை செக் பண்ணுவாங்க, அது நல்லது. கீழ பாக்காம உங்க கயித்தையும் காலையும் மட்டும் பாருங்க. வேணாம்னு தோணுனா முதல் ரேப்பெல்லுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அப்ப நடந்து திரும்பிடலாம். கூட வந்தவங்க யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, பண்றவங்களோட அடுத்த தடவை போகாதீங்க.

என்னென்ன வாங்கணும்? நிறைய செலவாகுமா?

ஆரம்பத்துல ஹெல்மெட், ஹார்னஸ், இறங்குற டிவைஸ், ரெண்டு மூணு லாக்கிங் கேரபினர், கிளவுஸ், பிடி நல்லா இருக்குற ஷூ, இவ்வளவுதான். கயிறை கோர்ஸ் முடிச்சப்புறம் வாங்குங்க. பாறை ஏறுறவங்களோட டைனமிக் கயிறு வாங்கிடாதீங்க, அது ரப்பர் மாதிரி இழுபடும், விளிம்புல முன்னும் பின்னும் அறுபடும். இதுக்கு ஸ்டேட்டிக் கயிறு, 8ல இருந்து 9.5 மில்லிமீட்டர் தடிமன். புதுசா பழகுறவங்க தடியான பக்கமே போங்க, மெல்லிசான கயிறு வேகமா ஓடும்.

டிவைஸ்ல எட்டு மாதிரி இருக்குற சாதாரண ஃபிகர் எய்ட்டை விட, இறங்கிட்டு இருக்கும்போதே உராய்வை கூட்டிக்க முடியுற மாதிரி கொம்பு வச்ச டிவைஸ் இருக்கு, பெட்ஸல் பிரானா மாதிரி, அதை வாங்குங்க. 90 கிலோ ஆளும் 50 கிலோ ஆளும் ஒரே கயித்துல ஒரே வேகத்துல இறங்க மாட்டாங்க, பாதி வழியில வேகம் ஜாஸ்தியா இருக்குன்னு தெரிஞ்சா கூட்டிக்க வழி வேணும்.

ஹார்னஸும் கயிறும் செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்க. வெளிய நல்லா இருக்கும், உள்ள என்ன ஆச்சுன்னு உங்களுக்கு தெரியாது.

ஆங்கர்னா என்ன? முன்னாடி போனவங்க கட்டி வச்சதை நம்பலாமா?

கயித்தை தாங்குற இடம்தான் ஆங்கர். பாறையில அடிச்ச ரெண்டு போல்ட்டா இருக்கலாம், ஒரு மரமா இருக்கலாம், இடுக்குல மாட்டிக்கிட்ட பெரிய பாறாங்கல்லா இருக்கலாம். மரத்தையோ கல்லையோ சுத்தி ஒரு இன்ச் நைலான் வெப்பிங் (தட்டையான பட்டை நாடா) கட்டி, அதுல ஒரு இரும்பு வளையம் கோத்து, அந்த வளையம் வழியாதான் கயிறு போகும்.

முன்னாடி போனவங்க கட்டினதை அப்படியே நம்பாதீங்க. பாலைவன வெயில்ல நைலான் சீக்கிரம் கெட்டுப்போகும். கலர் வெளுத்து, தொட்டா மொறமொறன்னு இருந்தா அது போச்சு. முன்பக்கம் நல்லா இருந்தாலும் மரத்துக்கு பின்னாடி, கல்லுக்கு அடியில கையை விட்டு முழு சுத்தும் தடவிப் பாருங்க, எலி கடிச்சிருக்கும், கூர்மையான இடத்துல பாதி அறுந்திருக்கும். முடிச்சு வாட்டர் நாட்டா (நாடாவோட ரெண்டு முனையையும் சேர்த்துப் போடுற முடிச்சு) இருக்கணும், வால் ரெண்டும் மூணு இன்ச்சாவது வெளிய நிக்கணும், ஏன்னா அந்த முடிச்சு போகப் போக நழுவும். சந்தேகம் இருந்தா அறுத்து எடுத்துட்டு புதுசு கட்டுங்க, அறுத்ததை பையில போட்டு வெளிய கொண்டு வந்துடுங்க. எப்பவும் பத்து இருபது அடி வெப்பிங்கும் ரெண்டு வளையமும் பையில இருக்கட்டும், அதோட விலை ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு காசு.

எல்லாரும் இறங்கினப்புறம் கயிறு எப்படி கீழ வரும்?

கிணத்து உருளையில கயிறு ஓடுற மாதிரிதான், வளையத்துல ஒரு பக்கம் இழுத்தா மறுபக்கம் மேல ஏறி வளையத்தைத் தாண்டி விழுந்துடும். ரெண்டு இழையிலயும் இறங்கலாம், அப்ப பள்ளம் 30 மீட்டர்னா கயிறு 60 மீட்டர் வேணும். இல்லைன்னா ஒரு பக்கம் வளையத்துல மாட்டி நிக்கிற மாதிரி கேரபினரால பிளாக் போட்டு ஒரே இழையில இறங்கலாம், அனுபவம் உள்ளவங்க அதிகமா செய்யுறது அது. அதுல ஒரு உசிர் போற விஷயம் இருக்கு, பிளாக்குக்கு எந்தப் பக்கம் உங்க டிவைஸ் மாட்டணும்னு. தப்பான பக்கம் மாட்டினா உங்க வெயிட்டை தாங்க மேல ஒண்ணும் இல்லை, கயிறு வளையம் வழியா ஓடி நேரா கீழ. கடைசியா இறங்குற ஆளை செக் பண்ண மேல யாரும் இருக்க மாட்டாங்க, அதனால அவங்க ஆங்கர்ல தன்னை தனியா மாட்டிக்கிட்டு கயித்துல வெயிட் கொடுத்து பாத்துட்டுதான் அந்த மாட்டலை கழட்டணும்.

கயிறு சிக்கிக்கிறதும் சகஜம். கடைசி ஆள் மேல இருக்கும்போதே கீழ இருந்து கொஞ்சம் இழுத்துப் பாருங்க, நகரலைன்னா அவங்க வளையத்தை முன்னாடி தள்ளி வைக்கலாம். எல்லாரும் இறங்கிட்ட பிறகு சிக்குச்சுன்னா ரொம்ப கஷ்டம், அடுத்த பள்ளத்துக்கு கயிறு இல்லாம நிப்பீங்க.

நடுவுல தொங்கும்போது மாட்டிக்கிட்டா?

சட்டை நுனி, முடி, பை வார் ஏதாவது டிவைஸ்குள்ள போய் இறுகிடும். அப்ப வெயிட்டை எடுத்தாதான் விடுபடும், அதுக்கு கயித்துல ஒரு சின்ன நூல்கயிறை பிரூசிக் முடிச்சா (வெயிட் வந்தா இறுகும், இல்லைன்னா கயித்துல நகரும்) போட்டு அதுல கால் வச்சு எழும்பணும். மேல ஏறத் தெரியாம கீழ இறங்காதீங்க, இது என் கெஞ்சல். மரத்துல கயிறு கட்டி பத்து அடி ஏறிப் பழகுனாலே போதும், பூங்காவுல செஞ்சிடலாம். இன்னொரு பக்கம், மேல இருக்கவங்க கயித்தை அவிழ்த்து இறக்க முடியுற மாதிரி ஆங்கர் போட்டா சிக்கின ஆளை மெதுவா கீழ இறக்கிடலாம். புதுசா வர்றவங்க கூட இருந்தா எப்பவும் அப்படித்தான் போடணும்.

கேன்யன் பேர் பக்கத்துல '3பி'ன்னு (3B) போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

எண் 1ல இருந்து 4 வரை: 1 நடை, 2 கை கால் ஊன்றி இறங்குறது, 3 கயிறு வேணும், 4 நல்ல அனுபவம் வேணும். எழுத்து தண்ணிக்கு: 'ஏ' (A) போட்டிருந்தா காஞ்சது இல்லைன்னா கொஞ்சம் தண்ணி, 'பி' (B) போட்டிருந்தா தேங்கின ஆழமான தண்ணி, நீந்தணும், 'சி' (C) போட்டிருந்தா ஓடுற தண்ணி. பக்கத்துல ரோமன் எண் இருந்தா நேரத்துக்கு. '3ஏ'ல ஆரம்பிங்க. 'சி' பக்கம் இப்போதைக்கு போகவே வேணாம், ஓடுற தண்ணிக்கு அடியில கயித்துல மாட்டிக்கிட்டா சில நிமிஷம்தான், அங்க கயிறு நீளம் விடுற முறையே வேற.

மழை பத்தி இவ்ளோ பயமுறுத்துறாங்களே, அவ்வளவு மோசமா?

ஆமா. குற்றாலம் தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேணாம், அருவியில சாரல்தான் இருக்கும், மேல மலையில கொட்டினா சில நிமிஷத்துல கலங்கல் தண்ணி வந்துடும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல அப்படி வந்த வெள்ளத்துல ஒரு 17 வயசு பையன் போயிட்டான். ஸ்லாட் கேன்யன்ல அகலம் சில இடத்துல தோள் அளவுதான், ரெண்டு பக்கமும் வழுவழுன்னு செங்குத்துப் பாறை, ஒதுங்க இடமே கிடையாது.

2015 செப்டம்பர் 14ம் தேதி ஸயான்ல கீஹோல் கேன்யனுக்குள்ள போன 7 பேரும் இறந்துட்டாங்க. கீஹோல் பெரிய கேன்யன் இல்லை, ரேப்பெல் எல்லாம் சின்னது, ரெண்டு மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும், நிறைய பேருக்கு அதுதான் முதல் கேன்யன். அன்னைக்கு பார்க்ல ஓடுற வர்ஜின் ஆறு வினாடிக்கு 55 கன அடியில இருந்து 15 நிமிஷத்துல 2,630 கன அடிக்கு ஏறுச்சு. மேட்டூர் கணக்குக்கு அது சின்ன நம்பர், ஆனா மூணு அடி அகல சந்துல அதுல ஒரு பங்கு வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. 1997 ஆகஸ்ட்ல ஆன்டிலோப் கேன்யன்ல 11 பேர் இறந்தாங்க, மழை பெஞ்சது பல மைல் தள்ளி. கைடு இருந்தா போதும்னும் நினைக்காதீங்க, 1999ல சுவிட்சர்லாந்து இன்டர்லாக்கன் பக்கம் ஒரே வெள்ளத்துல 21 பேர் போனாங்க, அதுல 3 பேர் கைடு.

யூட்டால ஜூலைல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் மழை சீசன், மத்தியானத்துக்கு மேல இடி மழை திடீர்னு வரும். ஸயான் பக்கம் வெள்ள அபாயத்தை வானிலை துறை தினமும் நாலு படியில சொல்றாங்க, வெள்ளம் 'எதிர்பார்க்கலை'ங்கிற முதல் படியா இருக்கணும், அதுக்கு மேல எந்த படி இருந்தாலும் ஸ்லாட்டுக்குள்ள போகாதீங்க. கேன்யன் மேல வானம் எப்படின்னு பாத்தா பத்தாது, அந்த கேன்யனுக்குள்ள தண்ணி எங்க இருந்தெல்லாம் வடியும்னு மேப்ல பாத்து அந்த மொத்த பரப்புக்கும் மழை இருக்கான்னு பாக்கணும். ரேஞ்சர் பெர்மிட் கொடுத்துட்டா போகலாம்னு அர்த்தம் இல்லை, முடிவு உங்களோடது. ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு, ஹோட்டல் புக் பண்ணியாச்சு, லீவு திரும்ப கிடைக்காது, இந்த மூணும்தான் ஆளுங்களை உள்ள தள்ளுது. கிளம்பும்போதே கேன்யன் இல்லைன்னா வேற என்ன பண்ணலாம்னு ஒரு பிளான் வச்சுக்கோங்க, அப்ப வேணாம்னு சொல்றது சுலபமா வரும்.

பாலைவனம்தானே, குளிருமா?

வெளிய 38 டிகிரி வெயில் அடிக்கும், உள்ள வெயிலே படாத தண்ணி ஐஸ் மாதிரி நிக்கும். 'பி' கேன்யனுக்கு கோடையிலயும் வெட்சூட் (தண்ணியில உடம்பு சூட்டைக் காக்குற ரப்பர் உடை) வேணும், கடையில வாடகைக்கு கிடைக்கும். குளிர்ல விரல் மரத்துப் போனா கேரபினர் திருக முடியாது, மூளையும் மந்தமாகும், தப்பு அப்பதான் நடக்குது. காட்டன் டிஷர்ட், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நீச்சல் தெரியலைன்னா காஞ்ச கேன்யன் மட்டும் போங்க. தண்ணி குறைஞ்ச குழிகள் இன்னும் மோசம், வழுக்குப் பாறையில கிண்ணம் மாதிரி இருக்கும், உள்ள இறங்கினா விளிம்பு எட்டாது, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறித்தான் வெளிய வரணும். தனியா போகக் கூடாதுன்னு சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

முடி, நகை, கண்ணாடி?

நீள முடி இருந்தா பின்னி, சட்டைக்குள்ள போட்டு, அதுக்கு மேல ஹெல்மெட். ஜடை முன்னாடி விழுந்து டிவைஸ்ல போச்சுன்னா தலையோட இழுக்கும், கத்தியால வெட்ட வேண்டி வரும், டைட்டா இருக்குற கயித்து பக்கத்துல கத்தி எடுக்குறது அதைவிட ஆபத்து. மோதிரம், வளையல், தொங்குற கம்மல் எல்லாம் ரூம்லயே. தாலியை கழட்ட மனசு வராதவங்க உள்பனியனுக்குள்ள போட்டு டேப் ஒட்டிக்கோங்க, நிறைய அக்காங்க அப்படித்தான் வர்றாங்க. கண்ணாடிக்கு பின்னாடி கட்டுற வார் வாங்கிடுங்க.

முதல்ல எந்த கேன்யன் போகலாம்? பெர்மிட் வேணுமா?

கோர்ஸ் முடிச்சவங்களுக்கு மோவாப் பக்கம் மார்னிங் குளோரி கேன்யன் நல்லா இருக்கும், பெரிய இயற்கை பாலத்துக்கு பக்கத்துலயே தொங்கிட்டு இறங்குவீங்க, ஆனா அந்த ரேப்பெல் உயரம், அதனால தெரிஞ்சவங்களோட. வெளிய நடந்து வர்ற வழியில பாய்சன் ஐவி செடி இருக்கு, மூணு மூணு இலையா இருக்கும், தொட்டா தோல் கொப்புளிச்சிடும்.

ஸயான்ல எல்லா டெக்னிக்கல் கேன்யனுக்கும் பெர்மிட் வேணும், நல்ல நாட்களுக்கு லாட்டரிதான். அங்க பைன் கிரீக் எல்லாருக்கும் ஆசை, மலைக்குள்ள போற டன்னல் கிட்ட கார் நிறுத்திட்டு உடனே இறங்கலாம், ஆனா கடைசி ரேப்பெல் சுமார் 100 அடி, பெரும்பாலும் பாறையே தொடாம காத்துல. அதுல கனமான பையை முதுகுல மாட்டிட்டு இறங்கினா பின்னாடி கவுத்திடும், பையை ஹார்னஸ்ல கட்டி கீழ தொங்க விடுங்க. முதல் கேன்யனா அது வேணாம்.

வீட்டுல சொன்னா விட மாட்டாங்க, சொல்லாம போகலாமா?

ஊர்ல அம்மாகிட்ட சொல்றது உங்க இஷ்டம். ஆனா யாராவது ஒருத்தர்கிட்ட, எந்த கேன்யன், எத்தனை பேர், கார் எங்க நிக்கும், எத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னு எழுதியே கொடுத்துட்டு போகணும். 2003 ஏப்ரல்ல ஏரன் ரால்ஸ்டன் யூட்டால புளூஜான் கேன்யனுக்கு தனியா போனார், யார்கிட்டயும் சொல்லலை. பாறாங்கல் புரண்டு வலது கை மாட்டிக்கிச்சு, அஞ்சு நாளுக்கு மேல அங்கயே, கடைசியில தன் கையை தானே அறுத்துட்டு, சுமார் 65 அடி ஒத்தக் கையால ரேப்பெல் பண்ணி வெளிய வந்தார். ஸ்லாட்டுக்குள்ள போன் எடுக்காது, சாட்டிலைட் கருவிக்கும் வானம் தெரியணும்.

இந்தியால எங்க கத்துக்கலாம்?

மகாராஷ்டிரால சாந்தன் பள்ளத்தாக்கு, பண்டார்தரா பக்கம் சாம்ராட் கிராமத்துல இருந்து இறங்குறது. ரெண்டு பக்கமும் உயரமான பாறை, நடுவுல இடுக்கு, ரேப்பெலும் உண்டு. மழைக்காலத்துல உள்ள போகக் கூடாது, அது முடிஞ்சு தண்ணி வடிஞ்ச பிறகு கோடை வரைக்கும்தான். இலங்கையில கித்துல்கலவுல கூட்டிட்டு போறாங்க, ஆனா அது ஓடுற தண்ணி. தமிழ்நாட்டுல நாமளா ஒரு அருவியைப் பாத்து கயிறு கட்டி இறங்கக் கூடாது, காட்டுக்குள்ள நுழையவே வனத்துறை அனுமதி வேணும். எங்க போனாலும் கூட்டிட்டு போறவங்ககிட்ட ஹெல்மெட் இருக்கா, கயிறு எப்ப வாங்கினது, கீழ இருந்து பிடிக்க ஆள் உண்டான்னு கேளுங்க. ஒரே கயித்துல வரிசையா நூறு பேரை இறக்குற இடம்னா அந்த கயிறு விளிம்புல படுற இடத்தை நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

டாய்லெட் வந்தா?

ரேஞ்சர் ஆபீஸ்லயோ கடையிலயோ அதுக்குன்னு பை கிடைக்கும், உள்ள பொடி இருக்கும், அதுல போய் கட்டி வெளிய கொண்டு வந்துடணும். சந்துக்குள்ள மண்ணு கிடையாது, புதைக்க முடியாது, அடுத்து வர்றவங்க அந்த தண்ணியிலதான் நீந்துவாங்க. வழியில கறுப்பா மொத்தை மொத்தையா இருக்குற மண்ணை மிதிக்காதீங்க, அது உயிருள்ள மண், மிதிச்சா தேற பல வருஷம் ஆகும். ஸயான் பாறை மணல்பாறை, கயித்தை இழுக்க இழுக்க விளிம்புல ஆழமா தடம் விழுது, அதுலயே அடுத்தவங்க கயிறு சிக்குது, அதனால கயித்தை அறுக்குற மாதிரி இழுக்காம வளையத்தை விளிம்புக்கு வெளிய வச்சு நேரா இழுங்க. வீட்டுக்கு வந்ததும் கயித்தை பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க, உள்ள போன மணல் நூலை அறுத்துக்கிட்டே இருக்கும்.